அம்மா தீவுக்குக் கொண்டுபோன கேட்

நம் ஃப்ளாட் கூட்டத்தில் நான் பாதியிலேயே எழுந்து போனதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். மாலையில் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பீர்கள்? "டெலிபோன் ஆபீஸ் அம்மாவுக்கு மூக்குக்கு மேல கோபம்" என்று யாரோ சொன்னதும் என் காதுக்கு வந்து சேர்ந்தது. கோபமெல்லாம் இல்லை, சாமி. வெட்கம். இந்த வயதில் நாலு பேர் நடுவில் அதைச் சொல்ல வாய் வரவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

கூட்டத்தின் முடிவு உங்களுக்குத் தெரியும். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் திரும்பிப் போகும்போது வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். அதற்கென்று கேட் ஓரத்தில் ஒரு மேஜை, காக்கிச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண். "இதுல என்னங்க இருக்கு, எல்லா இடத்துலயும் நடக்கறதுதானே" என்றீர்கள். வாஸ்தவம். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் அப்படி நினைத்ததால் ஒரு தீவில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நம் வயசுக்காரர்கள் படித்தால் போதும். பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், அவர்கள் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார்கள்.

நம் ஃப்ளாட் இருக்கிற இந்தக் கோவில்பதாகை எல்லாம் அப்போது வெறும் வயல். நாங்கள் இருந்தது ஆவடிப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே கட்டிங் பிரிவில் இருந்தார். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வேலையை அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அம்மாவின் ஊர் பட்டாபிராம் பக்கம். கத்தரி பிடிக்கத் தெரியாது, மிஷின் மிதிப்பாள். அதனால் மிஷின் பிரிவு.

குவார்ட்டர்ஸில் யாருக்கும் கடிகாரம் வேண்டாம். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழுவோம், ஊதினால் சாப்பிடுவோம். சாயங்காலச் சங்குக்குப் பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கு ஓடுவோம். உள்ளே பெண்கள் வரிசையாக நிற்பார்கள். செக்கிங் அக்கா ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்ப்பாள், சாப்பாட்டு டப்பாவின் மிச்சச் சோற்றை ஒரு குச்சியால் கிளறுவாள், பிறகு இரண்டு கையையும் தூக்கச் சொல்லி இடுப்பைத் தடவுவாள். துணி, நூல்கண்டு, பட்டன் எதுவும் வெளியே போய்விடக் கூடாது. அம்மா தன் முறை வருவதற்கு முன்பே கையைத் தூக்கிக்கொள்வாள். "பாத்துக்கம்மா, ஒண்ணும் இல்ல" என்பாள். செக்கிங் அக்கா, "இன்னா, இன்னிக்கு வத்தக் கொழம்பா?" என்று கேட்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

நாங்கள் அதையே விளையாட்டாக்கியிருந்தோம். கேட் ஆட்டம் என்று பேர். ஒருத்தி செக்கிங் அக்கா. மற்றவர்கள் கொட்டாங்கச்சியை டப்பாவாகப் பிடித்துக்கொண்டு வரிசையில் வருவோம். இடுப்பில் ஒளித்த புளியங்கொட்டை அகப்பட்டால் அவுட். நான் ஒருநாளும் அகப்பட்டதில்லை. அப்படி ஒரு பெருமை எனக்கு!

ஒரு பொங்கல் முடிந்த கையோடு தொழிற்சாலைக்கு ஒரு செய்தி வந்தது. அந்தமானில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஒருத்தி வேண்டும், மழைக்காலம் தொடங்கும்வரை. அவர்கள் கற்றுக்கொண்டே அங்கிருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்து முடிக்க வேண்டும். நல்லபடி முடித்துவிட்டு வந்தால் மேஸ்திரி வேலை. யாரும் கை தூக்கவில்லை. அம்மா தூக்கினாள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "கைதிங்க ஊருக்கு வயசுப் புள்ளையக் கூட்டிகினு போறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?"

"கைதி எல்லாம் செத்துப் பூட்டான். போய் வந்தா மேஸ்திரி ஆக்கறேன்றாங்க. மிஷின் மேல குனிஞ்சு குனிஞ்சு முதுகு ஒடியுது எனுக்கு" என்றாள் அம்மா.

அந்த முதுகு எனக்குத் தெரியும். ராத்திரி அதன் மேல் ஏறி மிதிப்பது என் வேலை. மேஸ்திரி என்றால் நின்றுகொண்டே பார்க்கிற வேலை, குனிய வேண்டாம். எங்களுக்கு அது அவ்வளவு பெரிய விஷயம்.

கப்பலில் நான் வாந்தி எடுத்ததைத் தவிர வேறு எதுவும் ஞாபகமில்லை. இறங்கியதும் கண்ணில் பட்டது பச்சை. இப்படியும் ஒரு பச்சை உண்டா என்று இருந்தது. மலைச்சரிவில் தகரக் கூரை போட்ட வீடுகள். எங்களுக்கு ஒன்று கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த அலாரம் டைம்பீஸை எடுத்து ஆட்டிப் பார்த்தாள், காதில் வைத்துப் பார்த்தாள். "கப்பல்ல ஆடி ஆடிக் கெட்டுப் பூச்சு" என்றாள். கெடவில்லை. அந்த ஊரில் சூரியனுக்கே அவசரம். விடியற்காலை ஐந்துக்கெல்லாம் வெளிச்சம் மூஞ்சியில் அடிக்கும். சங்கு இல்லாத ஊரில் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து உட்கார்ந்து, அலாரம் அடிக்கட்டும் என்று அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருப்பாள்.

துணி காயாது. காய்ந்தாலும் உப்புப் பிசுபிசுப்பு போகாது. வெல்லம் தானாகக் கசிந்து ஓடும். தண்ணீர் லாரி வருகிற அன்றைக்குத்தான் தண்ணீர், அதுவும் அளந்துதான். தலைக்குக் குளிப்பதென்றால் பெரிய யோசனை. எங்களைக் கரையேற்றியது பக்கத்து வீட்டு மௌசி. அங்கே சித்தியை மௌசி என்பார்கள், அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். அவளுடைய தாத்தா நம் பக்கத்து ஆள்தான், ஆனால் அவள் தமிழில் பாதி ஹிந்தியாக இருக்கும். ஒரே வாளியில் இரண்டு பேர் குளிப்பது எப்படி, கடல் பின்வாங்கும்போது எந்தப் பாறைவரை போகலாம், எந்த மீனில் முள் கம்மி, எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். அம்மாவை 'தீதி' என்பாள், அக்கா என்று அர்த்தம். அவளுக்கு என் வயசில் ஒரு மகள். நாங்கள் இரண்டு பேரும் முதுகில் சங்கைச் சுமந்துகொண்டு போகிற நண்டுகளைப் பிடித்து ஓட்டப்பந்தயம் விடுவோம். என் நண்டு சோம்பேறி. பாதி வழியில் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும்.

மௌசியின் மகளுக்கு நான் பதிலுக்கு என்ன கற்றுக்கொடுத்தேன் தெரியுமா? கேட் ஆட்டம். அவள் கையைத் தூக்கி நிற்க, நான் செக்கிங் அக்காவாக இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தபோது மௌசி வெளியே வந்தாள். மகளின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். நண்டை எங்கேயோ விட்டதற்குத்தான் திட்டு விழுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு ஒரு பழைய கொட்டகையில். கால் மிஷின்கள் வரிசையாக இருந்தன. மௌசியும் அதில் சேர்ந்திருந்தாள். மீன் காய வைப்பவர்கள், தேங்காய் உரிப்பவர்கள், கடைக்காரர் வீட்டு மருமகள் என்று பலவிதமான பெண்கள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போவேன். அம்மா நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். தையல் கோணினால் திட்டமாட்டாள், "பரவால்ல, பிரிச்சா வந்துடும்" என்பாள். ஹிந்தி தெரியாமலே அவர்களைச் சிரிக்கவைப்பாள். குவார்ட்டர்ஸில் வாயைத் திறக்காத என் அம்மா அங்கே டீச்சர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்பு முடிந்ததும் அம்மா வாசலுக்குப் போய் நிற்பாள். முதல் நாளே அப்படித்தான் நின்றாள். "வாங்க, வரிசையா வாங்க. பையத் தொறங்க" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. அம்மா தானே ஒரு பையைத் திறந்து பார்த்தாள். டப்பாவைத் திறந்து அளவுக் கட்டையால் சோற்றைக் கிளறினாள். கையைத் தூக்கச் சொல்லி இடுப்பைத் தடவினாள். "இன்னாம்மா, இன்னிக்கு மீன் கொழம்பா? வாசனை தூக்குதே!" என்றாள். சிரித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

உண்மையாகச் சொல்கிறேன், அம்மாவுக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. வேலை முடிந்தால் சோதனை. சோறு முடிந்தால் கை கழுவுவது மாதிரி. துணி அரசாங்கத் துணி, பொறுப்பு அவளுடையது. அவளுக்குத் தெரிந்த ஒரே உலகத்தில் அப்படித்தான் வீட்டுக்குப் போவார்கள். அதைவிட, செக்கிங் அக்காவுடன் சிரித்துப் பேசுகிற அந்த ஒரு நிமிஷம்தான் அவளுடைய நாளிலேயே சந்தோஷமான நிமிஷம். அதையும் சேர்த்துத்தான் அந்தப் பெண்களுக்குக் கொடுப்பதாக நினைத்தாள். பைத்தியக்காரி!

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் குறைந்தது. முதலில் கடைக்கார மருமகள் வருவதை நிறுத்தினாள். பிறகு மீன்காரப் பெண்கள். பிள்ளைக்கு ஜுரம், மாமியாருக்குக் கால் வலி என்று காரணம் வந்தது. ஒருநாள் யாருமே வரவில்லை. மௌசிகூட வரவில்லை. வெட்டிவைத்த சீருடைத் துணி நீலமும் வெள்ளையுமாகக் குவிந்து கிடந்தது. அம்மா ஒவ்வொரு மிஷினுக்காக எண்ணெய் விட்டுக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் விட்டு முடித்து, மறுபடி முதல் மிஷினுக்கு விட ஆரம்பித்தாள்.

"யாரும் வரலன்னா இன்னாம்மா ஆவும்?" என்று கேட்டேன்.

"இன்னா ஆவும்? பழைய மிஷினு, பழைய முதுகு" என்றாள்.

சாயங்காலம் அம்மா வேர்க்கடலை உருண்டை பிடித்து, கிண்ணத்தில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மௌசி வீட்டுக்குப் போனாள். மௌசி படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா வரல? நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லு. மூஞ்சத் திருப்பிகினா எனுக்கு எப்படித் தெரியும்?"

மௌசி துருவுவதை நிறுத்தினாள். "தெரியாது உனக்கு? நெஜமா தெரியாது?"

"எங்கப்பன் சத்தியமாத் தெரியாது."

"எங்க தாத்தாவ சங்கிலி போட்டுக் கப்பல்ல கொண்டாந்தான், தீதி. காலைல, சாயங்காலம், கையத் தூக்கு, வாயத் தொற, துணியத் தொற. அவர் சாகுற வரைக்கும், யாராச்சும் சட்டுனு பக்கத்துல வந்தா கையத் தூக்கிடுவார். சொந்தப் பேத்தி வந்தாக்கூட. அதைப் பாத்து வளந்தவ நான். நீ என்னோட சோத்தக் கட்டையில கிளறுற. உன் பொண்ணு என் பொண்ணக் கையத் தூக்க வெச்சு வெளையாடுறா. நாங்க சோர்னு ஊர்லேயே முடிவு பண்ணிட்டுத்தானே வந்த?"

சோர் என்றால் திருடன். அந்த வார்த்தை எனக்கு அதற்குள் தெரியும். பள்ளிக்கூடத்தில் கற்றிருந்தேன்.

அம்மா கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றாள். அவள் முகம் ஒன்றும் புரியாத குழந்தையின் முகம் மாதிரி ஆகிவிட்டது. "ஐயே, அப்படி இல்லம்மா" என்றாள். "எங்க ஊர்ல என்னையும் தெனம் பாக்கறாங்களே. டப்பாவக் கிளறுவாங்க, இடுப்பத் தடவுவாங்க. வேலை செய்ற இடத்துல அப்படித்தானே?"

மௌசி நிமிர்ந்து பார்த்தாள். "உன்னையா? நீ என்ன திருடின?"

"நான் எதுக்குத் திருடுறேன்?"

"அப்புறம் ஏன் பாக்குறான்?"

அம்மா யோசித்தாள். சத்தியமாக அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாக அதை யோசிக்கிறாள் என்று எனக்கே தெரிந்தது.

"நீயும் சும்மா நிக்கிறியா?" என்றாள் மௌசி.

"எல்லாரும் நிக்கறோம்."

மௌசியின் கோபம் எங்கேயோ போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது பரிதாபம். என் அம்மாவை, டீச்சரை, ஒருத்தி பரிதாபமாகப் பார்த்தாள். கோபமே தேவலை என்று இருந்தது எனக்கு. மௌசி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "நாளைக்குக் கூட்டியாறேன் எல்லாரையும்" என்றாள்.

சொன்னபடி கூட்டி வந்தாள். எல்லோரும் வந்தார்கள். தலை நிமிராமல் தைத்தார்கள். நேரம் முடிந்து எழுந்தபோது எல்லோர் கண்ணும் வாசலில் இருந்தது. அம்மா அங்கே போய் நின்றாள். ஐயையோ, பழக்க தோஷத்தில் மறுபடி ஆரம்பித்துவிடுவாளோ என்று பயந்தேன்.

அம்மா தன் பையைத் திறந்து தரையில் வைத்தாள். டப்பாவின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். மிச்சம் இருந்த எலுமிச்சைச் சோறு எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு அந்தப் பெண்களைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் தூக்கினாள்.

"பாத்துக்கம்மா, ஒண்ணும் இல்ல" என்றாள்.

மன்னிப்பு கேட்கிறாளாம். அவளுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ரவிக்கையின் அக்குள் கிழிசல் தெரிந்தது. ஊருக்கெல்லாம் தைத்தவள் தன்னுடையதைத் தைக்கவில்லை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மௌசி போய் அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, மெதுவாக இறக்கிவிட்டாள். "சல் தீதி" என்றாள். "வா, வீட்டுக்குப் போலாம்."

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "ஏம்மா அப்படி நின்ன? எல்லாரும் பாக்கறாங்க. வெக்கமா கீது."

"இதுல இன்னாடி வெக்கம்? ஆவடில தெனம் பாக்கறியே."

அதுதான், ஆவடியில் தினமும் பார்த்தேனே. பார்த்துக்கொண்டு நின்றேனே. விளையாடினேனே. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அழுதேன். அம்மா சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா வாசலில் நிற்கவில்லை. வகுப்பு ஜோராக நடந்தது. மழை தொடங்குவதற்குள் அத்தனை சீருடையும் தைத்து அடுக்கினார்கள். பார்க்க வந்த அதிகாரி ஒரு பாவாடையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைப் பாராட்டினார். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது. மேஸ்திரி வேலை நிச்சயமாயிற்று.

கிளம்புகிற அன்று மௌசி எனக்கு ஒரு பை கொடுத்தாள். வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. நீலம், வெள்ளை, நடுவில் எங்கேயோ கிடைத்த ஒரு மஞ்சள். வாயில் அழுத்துப் பட்டன். உள்ளே மௌசியின் மகள் ஒரு காலிச் சங்கு போட்டிருந்தாள். என் சோம்பேறி நண்டு விட்டுப்போன சங்காம். அழுத்துப் பட்டனைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கப்பல்வரை வந்தேன்.

கரை மறைந்த பிறகுதான் அம்மா பையை வாங்கிப் பார்த்தாள். நீலத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "இது கவர்மென்ட் துணியாச்சே" என்றாள். அக்கம்பக்கம் பார்த்தாள்.

"வெட்டுத்துண்டும்மா. கூட்டித் தள்றதுதானே?"

"நம்ம கேட்டுல வெட்டுத்துண்டுக்கே வேலை போயிடும். மெட்ராஸ் ஹார்பர்ல பொட்டியத் தொறப்பான். மேஸ்திரி ஆவப்போற நேரத்துல எனுக்கு எதுக்குடி இது?"

நான் கெஞ்சினேன். சங்கை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பையைக் கப்பல் கம்பிக்கு வெளியே நீட்டிக் கடலில் விட்டாள். அது உடனே முழுகவில்லை. கொஞ்ச நேரம் மஞ்சள் தெரிந்துகொண்டிருந்தது. ஹார்பரில் யாரும் எங்கள் பெட்டியைத் திறக்கவில்லை. போங்கள் என்று கையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். அம்மா தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். சங்கும் பிறகு எந்த வீடு மாற்றியபோதோ தொலைந்தது.

அம்மா மேஸ்திரியானாள். முதுகு பிழைத்தது. ஆனால் மேஸ்திரிக்கும் அதே கேட்தான், அதே வரிசைதான். ஊர் திரும்பிய பிறகு நான் சாயங்காலச் சங்கு ஊதினால் கேட்டுக்கு ஓடவில்லை. பிள்ளைகள் கேட் ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் வயிற்று வலி என்பேன். அம்மா வீட்டுக்கு வந்ததும் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அவளைத் தினமும் அங்கே கை தூக்க வைத்துத்தான் நான் படித்தேன், டெலிபோன் ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போனேன், உங்களோடு இந்த ஃப்ளாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மௌசி கேட்ட கேள்வியை அம்மா அதற்கப்புறம் யாரிடமாவது கேட்டாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. நம் கூட்டத்தில் கேட்டிருக்கலாம், அன்றைக்கும் எழுந்துதான் போனேன்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். என் அம்மாவை நீங்கள் பால்கனியில் பார்த்திருப்பீர்கள். இப்போது அவளுக்குப் பாதி நாள் நான் யார் என்று தெரியாது, பாதி நாள் தெரியும். போன வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகக் கீழே இறக்கிக் கூட்டி வந்தேன். ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. மேஜையருகில் நம் வீடுகளில் வேலை செய்கிற மூன்று பெண்கள் பையோடு நின்றிருந்தார்கள். காக்கிச்சட்டைப் பெண் ஒரு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

அம்மா என் கையை உதறிவிட்டுப் போய் வரிசையில் நாலாவதாக நின்றாள். ஒரு கை நடுங்குகிறவள், தானாகத் தலை வாரிக்கொள்ள முடியாதவள், இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினாள்.

"பாத்துக்கம்மா, ஒண்ணும் இல்ல" என்றாள்.

காக்கிச்சட்டைப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, உங்களுக்கு இல்லம்மா. இவங்களுக்குத்தான்" என்றாள். அந்த மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

மௌசி அன்று செய்தது ஞாபகம் வந்தது. நானும் அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இறக்கப்போனேன். இறங்கவில்லை. எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இருடி" என்றாள் அம்மா. "அவ இன்னும் பாக்கல."